கடல் தாண்டிய கடைகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஒரு டொக்டர் மேடையேறினால் சபையில் பாதிப்பேர் மத்தியானம் பாயசம் குடிக்கலாமா கூடாதா என்று கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள். இன்று பயப்பட வேண்டாம். நான் கடைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்க் கடை விரிப்பவர்கள் அந்த நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களோடும் மனத்தோடும் படுகிற பாட்டைப் பற்றி.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்களோடு படித்தவர்களில் பலர் இன்று வெளிநாடுகளில் கடை நடத்துகிறார்கள். பலசரக்கு, புடவை, நகை, சாப்பாட்டுக் கடை, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் விற்பது என்று எத்தனையோ விதம். கடை நடத்தாதவர்களும் அந்தக் கடைகளில்தான் சாமான் வாங்குகிறார்கள். என் தொழிலிலும் கடைக்குப் பங்குண்டு. நோயாளியிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதைவிட "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் சிலவேளை விரைவாக விடை கிடைக்கிறது.

முதலில் தோற்றுப்போன ஒரு பெரிய கடையைப் பார்ப்போம். அமெரிக்காவின் வோல்மார்ட் 1997 இல் ஜேர்மனிக்குள் நுழைந்தது. அங்கிருந்த இரண்டு கடைத்தொடர்களை வாங்கிக்கொண்டு, அமெரிக்காவில் செய்ததை அப்படியே செய்தது. வாசலில் ஒருவர் நின்று வருகிறவர்களை வரவேற்றார். பணியாளர்கள் சிரிக்க வேண்டும் என்று கட்டளை. வாங்கிய சாமானைப் பையில் போட்டுக் கொடுப்பதற்கும் ஆட்கள். ஜேர்மனியருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் காரணமில்லாமல் சிரித்தால் அவர்களுக்கு ஐயம் வரும்; தங்கள் சாமானைத் தாங்களே பையில் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். பணியாளர்களின் சொந்தக் காதல் உறவுகளிலும் தலையிடும் ஒழுக்கக் கோவை ஒன்றைக் கம்பனி கொண்டுவர, அது நீதிமன்றத்தில் அடிபட்டது. விலைப் போட்டியிலும் உள்ளூர்க் கடைகளை வெல்ல முடியவில்லை. 2006 இல் 85 கடைகளையும் மெற்றோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு எங்கள் திருகோணமலைக் கடைத்தெருதான் நினைவுக்கு வரும். இங்கே சிரிக்காத முதலாளி இருக்கலாம், விசாரிக்காத முதலாளி இருக்க முடியாது. "என்ன பிள்ளை, கனகாலம் காணேல்லை, அம்மாவுக்குக் கால்நோ எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் பருப்பை நிறுப்பார். அந்த விசாரிப்பும் வியாபாரத்தின் ஒரு பகுதி. கடன் கொப்பியில் பெயர் எழுதும் உரிமை அதிலிருந்துதான் வருகிறது. ஒரே வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடை வைத்திருக்கும் ஊர் இது. யாருடைய கடையில் என்ன வாங்கலாம், நோன்புக் காலத்தில் எதைக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் எது வேகாது, வெசாக் வாரத்தில் எந்தப் பகுதி மூடியிருக்கும் என்பதெல்லாம் இங்கே வளர்ந்தவருக்குக் கேட்காமலே தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. பொதியிலிருக்கும் ஒரு சின்ன ஹலால் முத்திரை 2013 இல் இந்த நாட்டையே எப்படி ஆட்டிவைத்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் ஜம்இய்யத்துல் உலமா சபை உள்ளூர்ச் சந்தையில் அந்த முத்திரையைக் கைவிட உடன்பட வேண்டிவந்தது. கம்பனிக்காரருக்கு அது பொதியின் மூலையில் ஓர் அச்சு. ஒரு சாராருக்கு அது அடுப்படியின் நிம்மதி, இன்னொரு சாராருக்கு மிரட்டல்.

இனி எங்கள் துறைமுகத்துக்கு வருவோம்.

சீனக்குடாவில் பிரிமா மா ஆலையைப் பார்க்காத திருகோணமலைப் பிள்ளை இருக்க மாட்டாள். சிங்கப்பூரிலிருந்து வந்த நிறுவனம். 1977 இல் ஒப்பந்தம், 1980 இல் ஆலை. கப்பலில் வரும் கோதுமையை இறக்கி, அரைத்து, நாடு முழுவதற்கும் அனுப்புகிற வேலை. முதலில் அவர்கள் பேக்கரிக்காரருக்குத்தான் முகம் காட்டினார்கள், வீட்டுப் பெண்களுக்கு அல்ல. பின்னர் நேரடியாக வீட்டுச் சமையலறைக்குள் வர விரும்பியபோது என்ன செய்தார்கள் பாருங்கள். நூடில்ஸ் என்பது எங்கள் சாப்பாடு அல்ல. சிங்கப்பூர்ச் சுவையில் விற்றிருந்தால் இரண்டொரு முறை வாங்கிவிட்டு விட்டிருப்போம். அவர்கள் அதைக் கொத்து ரொட்டியின் சுவையில் செய்து, "கொத்துமீ" என்று பெயரும் வைத்தார்கள். இரவு எட்டு மணிக்குத் தகரத்தில் இரும்பு தட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. உப்பைப் பற்றி ஒரு டொக்டர் சொல்ல வேண்டியதை நான் இன்றைக்குச் சொல்லாமல் விடுகிறேன். வியாபார அறிவு என்ற அளவில் அதை மெச்சத்தான் வேண்டும்.

அதே சீனக்குடாவில் இன்னொரு வெளிநாட்டுச் சில்லறை வியாபாரியும் இருக்கிறார். எண்ணெய்த் தாங்கிகளைத்தான் சொல்கிறேன். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை அவை. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு போட்டது முதல் அந்தக் காட்டுக்குள் பாதி மறைந்தும் மறையாமலும் நிற்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. பெற்றோல் விற்பதும் சில்லறை வியாபாரம்தான். அதற்கு என்ன பண்பாட்டுச் சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோலுக்கு ருசியில்லை, மதமில்லை, நோன்புமில்லை. ஆனால் விற்பவருக்கு ஒரு நாடு இருக்கிறது.

இந்த நாட்டில் ஷெல், கால்டெக்ஸ், எசோ என்று வெளிநாட்டுக் கம்பனிகள் பெற்றோல் விற்ற காலம் இருந்தது. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்தது, தொடர்ந்த சில ஆண்டுகளில் அவர்களுடைய நிலையங்கள் அரசுடைமையாயின. நட்டஈட்டுப் பிரச்சினையில் 1963 இல் அமெரிக்கா எங்களுக்கான உதவியையே நிறுத்தியது. அந்தப் பழைய ஞாபகத்தோடு இருக்கும் ஒரு நாட்டுக்குள்தான் 2003 இல் இந்தியன் ஓயில் வந்தது. நூறளவான எரிபொருள் நிலையங்கள் அதன் கைக்கு வந்தன, சீனக்குடாத் தாங்கிகளும் வந்தன. அந்தத் தாங்கிகளோ 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே பெயர் குறித்துச் சொல்லப்பட்டவை. ஆகவே அவற்றில் கைவைத்த கம்பனியை யாரும் வெறும் பெற்றோல் கடையாகப் பார்க்கவில்லை. தெற்கில் ஒரு பயம், எங்கள் பக்கத்தில் வேறொரு கணக்கு. இரண்டுமே பெற்றோலைப் பற்றியவை அல்ல.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கம்பனியின் பெயரில் "லங்கா" என்பதை முன்னுக்கு வைத்தார்கள். 2004 இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்குகளை விற்று உள்ளூர்க்காரரையும் பங்காளிகளாக்கினார்கள். பெற்றோல் செட்டில் நின்று குழாயைப் பிடித்தவர்கள் எங்கள் பெடியன்கள். இவ்வளவும் செய்தும் ஐயம் போகவில்லை. 2022 ஜனவரியில் தாங்கிகள் பற்றிப் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டபோது - 14 அவர்களுக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு - தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பேச்சாளர்கள் முழங்கினார்கள்.

பிறகு அதே ஆண்டு நெருக்கடி வந்தது. ஜூன் முடிவில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில், பொதுமக்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது லங்கா ஐ.ஓ.சி. நிலையங்களில்தான். சீனக்குடாவிலிருந்து பவுசர்கள் புறப்படும் செய்தி வந்தால் ஊரே வீதிக்கு வரும். நாள் கணக்காக வரிசையில் நின்றவர்களிடம் நான் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன், வெயிலில் மயங்கியவர்களுக்கும், சீனி கூடியவர்களுக்கும். அந்த வரிசையில் நின்ற எவரும் இது எந்த நாட்டுக் கம்பனி என்று கேட்டதாக நான் அறியேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விளம்பரப் பலகைகளால் பெற முடியாத ஒன்றை, கடை திறந்திருந்தது என்ற ஒரே காரணத்தால் பெற்றார்கள். அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது வேறு விடயம். 2023 இல் சீனாவின் சினோபெக்கும் வந்துவிட்டது. எங்கள் வீதிகளில் இப்போது பெற்றோலை நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

வெளிநாட்டுக் கடை நன்றாகக் காலூன்றிவிட்டால் அது வெளிநாட்டுக் கடை என்பதே மறந்துவிடும். கார்கில்ஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு "ஃபூட் சிற்றி". ஆனால் அது 1844 இல் கண்டியில் ஸ்கொத்லாந்துக்காரர் தொடங்கிய வியாபாரம். துரைமாருக்கும் அவர்களைப் போல வாழ விரும்பியவர்களுக்குமான கடையாகப் பல தலைமுறை இருந்தது. இலங்கையர் கைக்கு மாறி, 1983 இல் சுப்பர் மார்க்கெட் என்று புதிதாகத் தொடங்கி, விவசாயிகளிடமே நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கிய பிறகுதான் பொதுசனங்களின் கடையானது. நூறு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

இதுவரை, மக்களைப் புரிந்துகொள்ளாததால் தோற்றவர்களையும் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு வென்றவர்களையும் பார்த்தோம். வியாபாரப் புத்தகங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு இங்கிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. மக்களின் மனத்தை மிக நன்றாகப் புரிந்துகொண்ட வியாபாரி என்ன செய்வான்?

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெயரை மருத்துவம் படித்த எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஜமேக்காவில் பிறந்தவர், ஒக்ஸ்போட்டில் மருத்துவம் படிக்கப் பெண்களுக்கு வாசல் சற்றே திறந்த காலத்தில் உள்ளே போனவர். ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் குழந்தைகளைத் தாக்கிய புரதக் குறைபாட்டு நோயைக் "குவாஷியோகோர்" என்ற உள்ளூர்ப் பெயராலேயே உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். பின்னர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு வந்தார். அங்கே அவர் கண்டது என்ன? இனிப்பூட்டிய டின்பாலைக் கைக்குழந்தைகளுக்கு உகந்தது என்று கம்பனிகள் விற்றுக்கொண்டிருந்தன. விற்பதற்குக் கடைக்காரரை மட்டும் நம்பவில்லை. வெள்ளைச் சீருடை போட்ட பெண்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். தாய்மாருக்கு அவர்கள் தாதிமாராகவே தெரிந்தார்கள். சீருடை என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் பிள்ளையைக் காப்பாற்றும் இடம். அந்த மரியாதையைக் கம்பனிகள் துல்லியமாக அறிந்திருந்தன.

தாய் பால் கொடுப்பதை நிறுத்தினால் சுரப்பு மெல்ல மெல்ல வற்றிவிடும். பிறகு திரும்பிப் போவது கடினம். டின் விலையோ கூலிக்காரக் குடும்பத்துக்குக் கட்டாது. ஆகவே தண்ணீரை அதிகமாகக் கலப்பார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. குழந்தைக்கு வயிற்றோட்டம், பின் மெலிவு, பின் மரணம். 1939 இல் சிங்கப்பூர் ரொட்டறிக் கழகத்தில் சிசிலி வில்லியம்ஸ் இதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் இட்ட தலைப்பு "பாலும் கொலையும்". கேட்டவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். அந்த மேடையில் ஒரு பெண் டொக்டர் அந்தத் தலைப்பில் பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து யப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது சிறைப்பட்டு, போர் முடியும்வரை உள்ளேயே கிடந்தார். பிறகும் அதே வேலையைத்தான் செய்தார்.

வியாபாரமும் நின்றுவிடவில்லை. 1977 இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 இல் உலக சுகாதாரப் பேரவையில் தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பதற்குரிய சர்வதேசக் கோவை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்தது அமெரிக்கா. இலங்கை எண்பதுகளிலேயே தனக்கென்று ஒரு கோவையை இயற்றிக்கொண்டது. எங்கள் கிளினிக் சுவர்களில் பால்மா விளம்பரம் இல்லாததும், மருத்துவமாதுக்கள் வீடு வீடாகப் போய்த் தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவதும் தற்செயல் அல்ல. 2016 ஆம் ஆண்டுச் சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட எங்கள் குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். உலகில் பல பணக்கார நாடுகளுக்கு இது கனவு. வெள்ளைச் சட்டைக்கு மக்கள் கொடுக்கும் அதே மரியாதையை வைத்துத்தான் எங்கள் மருத்துவமாதுவும் வேலை செய்கிறார். ஆனால் அவர் எதையும் விற்பதில்லை.

இருந்தாலும் இன்றைக்கும் என் கிளினிக்குக்கு ஒரு மாமியார் வருவார், கையில் பளபளக்கும் ஒரு டின்னோடு. "அவுஸ்திரேலியாவில இருந்து மகள் அனுப்பினவா டொக்டர், அங்கத்தையப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதாம், இஞ்ச உள்ளதை விட நல்லதாம்." எந்தக் கம்பனியும் அதை அவருக்கு விற்கவில்லை. விற்பனையாளர் அன்புள்ள ஒரு நாத்தனார். அனுப்பியவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவராகவும் இருக்கலாம். அவருக்கு என் வேண்டுகோள்: தாய்க்குப் பேரீச்சம்பழம் அனுப்புங்கள்.

இப்போது எதிர்த்திசையில் போவோம். கடல் தாண்டிப் போய்க் கடை திறந்தவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமல்லவே, நாங்களும்தானே. லா சப்பலிலும் ஈஸ்ற்ஹாமிலும் ஸ்காபரோவிலும் எங்கள் கடைகள் இருக்கின்றன. அங்கே எங்கள் சனங்களிடம் எங்கள் கடைக்கு மொழிச் சிக்கல் இல்லை, விசாரிப்புத் தெரியும், தைப்பொங்கலுக்கு எது வேண்டும் என்று தெரியும். முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று தொலைபேசி எடுத்துச் சொல்லும் உறவு இருக்கிறது. வோல்மார்ட்டுக்கு ஜேர்மனியில் கிடைக்காத அந்த நம்பிக்கை எங்கள் கடைக்காரருக்கு முதல் நாளே இனாமாகக் கிடைக்கிறது.

2004 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொஸ்டன் நகரைச் சுற்றியிருந்த 30 தென்னாசியக் கடைகளுக்குப் போய், அங்கு விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துப் பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 14 இல் ஈயம், இரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஐந்துக்கு ஒன்று. சில பொதிகள் குழந்தைகளுக்கானவை. விற்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் பருப்புக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலையும் வைத்தார்கள், அவ்வளவுதான். வாங்கியவர் அதிலுள்ள எழுத்தை வாசிக்கவில்லை, கடைக்காரரின் முகத்தை வாசித்தார். பாமசியில் வாங்கும் மாத்திரையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் எங்கள் சனம், "ஊர்ச்சாமான்" என்றால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

நான் சித்த, ஆயுர்வேத மருத்துவத்துக்கு எதிரியல்ல. என் அம்மம்மாவின் கசாயத்தில் வளர்ந்தவள். எங்கள் நாட்டில் பதிவுபெற்ற சுதேச வைத்தியர்கள் இருக்கிறார்கள். நோயாளியைக் கண்டு, நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார்கள். பெயரில்லாத தொழிற்சாலையிலிருந்து வந்து, யார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் தட்டில் நிற்கும் போத்தலைப் பற்றித்தான் பேசுகிறேன். முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்களும் அப்படித்தான். இரசம் கலந்த கிறீம்களைப் பல நாடுகள் தடை செய்துவிட்டன. ஆனாலும் சிறு கடைகளின் பின்தட்டில் அவை அகப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இரசம் சிறுநீரகத்துக்குப் போகும். கர்ப்பிணி பூசினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகும். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ஒரு மாதம் பூசிய பிள்ளைக்கு இதை யார் சொல்வது? அந்தக் கிறீமை எடுத்துக் கொடுத்த அக்காதான் சொல்லியிருக்க முடியும்.

கடை நடத்தும் தோழிகள் இதைக் கேட்டுக் கோபிக்கக் கூடாது. உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. உள்ளே விழுங்குவதோ தோலில் பூசுவதோ எதுவானாலும், செய்தவரின் பெயரும் விலாசமும், தொகுதி இலக்கமும், உள்ளடக்கமும் பொதியில் இல்லையென்றால் தட்டில் வைக்காதீர்கள். கண்ணுக்கு இடும் சுருமாவையும் மையையும் பச்சைக் குழந்தைக்கென்று கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி வந்து லேகியம் கேட்டால் "டொக்டரைக் கேட்டுவிட்டு வாங்கோ அக்கா" என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை போகும். அவர் அடுத்த கிழமை அரிசி வாங்க உங்களிடம்தான் வருவார்.

கூட்டம் முடிந்ததும் நான் மண்டப வாசலில் நிற்பேன். வீட்டிலே பெயர் தெரியாத போத்தல், டின், கிறீம் ஏதும் வைத்திருப்பவர்கள் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வந்து காட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சங்கச் செயலாளரூடாக அனுப்புங்கள். என்னால் வாசித்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். பாயசத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.